சொல்லும் அயற்சொல்லும்: கிளிங்கன் மொழியில் பொருள் நுணுக்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

"அவனைக் கொன்றுவிட்டார்கள்" என்று ஒருவர் வந்து சொல்கிறார். செய்தி நமக்கு விளங்கிவிடுகிறது. ஆனால், கொன்றவர்கள் அவனைத்தான் குறிவைத்துக் கொன்றார்களா, அல்லது பொதுவாக நடந்த ஒரு தாக்குதலில் அவனும் அகப்பட்டு மாண்டானா என்பதை அந்த வினைச்சொல் நமக்குச் சொல்வதில்லை. "வேண்டுமென்றே" என்றோ "தவறுதலாக" என்றோ இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்தால்தான் அது தெரியவரும்.

இந்த இரண்டையும் வினைச்சொல்லின் ஈற்றிலேயே பிரித்துக் காட்டும் மொழி ஒன்று உண்டு. அங்கே 'லுஹொஹ்பு' என்றால் அவனைக் கொன்றுவிட்டார்கள் என்பது மட்டும் பொருள். செயல் முடிந்துவிட்டது, அதற்குமேல் அச்சொல் எதையும் கூறவில்லை. 'லுஹொஹ்தா' என்றால், அவனைக் கொல்வதென்று எண்ணித் துணிந்து, எண்ணியதை முடித்துவிட்டார்கள் என்று பொருள். விபத்தாக நேர்ந்த மரணத்துக்கு இந்த இரண்டாவது சொல்லைப் பயன்படுத்த இயலாது. ஒரேயொரு சிறிய ஈறு ஒரு கொலைவழக்கின் அடிப்படைக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது.

இது எந்த நாட்டு மொழி என்று நீங்கள் கேட்கலாம். எந்த நாட்டுக்கும் உரியதன்று. தாய்மொழியாக இதைப் பேசும் ஒரு சமுதாயம் உலகில் இல்லை. 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரில் வரும் கிளிங்கன் என்னும் கற்பனை வீரர் இனத்துக்காக, மார்க் ஓக்ரண்ட் என்ற மொழியியலறிஞர் ஆக்கிய மொழி இது. ஆக்கப்பட்ட மொழிக்கு இலக்கிய நிகழ்ச்சியில் என்ன வேலை என்று முகஞ்சுளிக்க வேண்டாம். ஒருபொருட் பன்மொழி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை யார் காக்கிறார்கள் என்ற கேள்விக்கு இந்த விசித்திரமான மொழி நல்லதோர் உரைகல்லாக அமைகிறது. அந்த நோக்கிலேயே இன்று இதனை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் சிறிது வரலாறு. கிளிங்கன் இனத்தவர் 1967 இல் தொலைக்காட்சித் தொடரில் தோன்றினார்கள். அப்போது அவர்கள் ஆங்கிலமே பேசினார்கள். 1979 இல் வெளிவந்த முதலாவது திரைப்படத்துக்காக, தொடரில் நடித்த ஜேம்ஸ் டூஹன் சில கரடுமுரடான வசனங்களை ஆக்கிக் கொடுத்தார். அவை ஒரு சில ஒலிக்கோவைகளே. அவற்றுக்கு இலக்கணம் இருக்கவில்லை. 1984 இல் வெளியான மூன்றாவது திரைப்படத்துக்காக ஓக்ரண்ட் அழைக்கப்பட்டபோது, டூஹனின் ஒலிகளையே அடித்தளமாக வைத்து ஒழுங்கான இலக்கணத்தையும் சொற்களஞ்சியத்தையும் அமைத்தார். 1985 இல் கிளிங்கன் அகராதி வெளிவந்தது. 1992 இல் அதன் விரிவாக்கப்பட்ட பதிப்பும் வந்தது. அதே 1992 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிளிங்கன் மொழி நிறுவனம் தொடங்கப்பட்டு, மொழி ஆய்வுக்கென்றே ஒரு சஞ்சிகையையும் நடத்தியது. ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகமும் பழைய கில்கமேஷ் காவியமும் கிளிங்கனில் பெயர்க்கப்பட்டன. 2010 இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் முழுக்க முழுக்கக் கிளிங்கன் மொழியிலேயே ஓர் இசைநாடகம் அரங்கேறியது.

இங்கே தமிழெழுத்தில் தரும் கிளிங்கன் சொற்கள் அண்ணளவானவை. அந்த மொழியில் உள்ள தொண்டையடைப்பு ஒலிக்கும், நாவின் இருபுறமும் காற்று சீறிவரும் ஓர் ஒலிக்கும் நம்மிடம் எழுத்தில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுவோர் திண்டாடுகிற ஓர் ஒலி நமக்கு எளிது. 'வண்டி' என்பதில் வரும் டகரம் போல நாவை மடித்து ஒலிக்கும் ஒலி கிளிங்கனில் உண்டு. ஆங்கிலத்தில் அது இல்லாமையினாலேயே ஓக்ரண்ட் அதைத் தேர்ந்தெடுத்தார். வேற்றுக்கிரகத்து மொழி அமெரிக்கக் காதுக்கு அந்நியமாக ஒலிக்க வேண்டுமல்லவா?

இனிச் சொற்களுக்கு வருவோம்.

கிளிங்கன் வீரர்களின் வாழ்வு மானத்தைச் சுற்றிச் சுழல்வதாகக் கதாசிரியர்கள் படைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான் பெரிதும் வழங்குகிறது. கிளிங்கனிலோ குறைந்தது மூன்று சொற்கள் இருக்கின்றன. 'பட்ல்' என்பது பெரிய அளவிலான மானம். தனி ஒருவரைக் கடந்து நிற்கும் அறம் போன்ற கருத்து. 'குவ்' என்பது ஒருவருடைய சொந்த மதிப்பு. அவருடைய பெயர், கண்ணியம், பிறர் அவருக்குத் தரும் மரியாதை ஆகியவற்றோடு ஒட்டியது. 'பொப்' என்பது பரிசாகவோ விருதாகவோ ஒருவருக்குக் கிடைக்கும் கௌரவம். ஒருவனுக்குப் 'பொப்' நிறையக் கிடைக்கலாம். ஊரில் அவனுக்குக் 'குவ்' இல்லாமலிருக்கலாம். ஊரெல்லாம் ஒருவனை இகழ்ந்து அவனுடைய 'குவ்' போய்விட்ட பின்னரும், அவன் செய்த செயல் 'பட்ல்' உடையதாக நிற்கலாம். பெரிய நாடகங்களின் அவலமெல்லாம் இந்த இடைவெளியில் பிறப்பதுதானே? மானம், மதிப்பு, கௌரவம் என்ற நமது மூன்று சொற்களையும் ஏறத்தாழ இவற்றுக்கு எதிரே நிறுத்தலாம். ஆனால் நாம் அவற்றை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகக் கலந்து வழங்கிவிடுகிறோம்.

அடுத்து, போர். வீரர் மொழியில் போருக்குச் சொல் ஏராளமாக இருப்பதில் வியப்பில்லை. கவனிக்கத்தக்கது அவற்றின் எண்ணிக்கையன்று, அவை பிரிந்து நிற்கும் முறை. 'வெஷ்' என்பது போர் என்னும் பொதுக்கருத்து. 'நோஹ்' என்பது இன்னாருக்கும் இன்னாருக்கும் இடையே நடந்த ஒரு குறிப்பிட்ட போர். 'மய்' என்பது அப்போருக்குள் நிகழும் ஒரு சமர். ஆகவே 'நோஹ்' முடிவுக்கு வரலாம், 'வெஷ்' முடிவதில்லை. ஒரு போர் ஓய்ந்துவிட்டதென்று மகிழும்போது, ஓய்ந்தது இரண்டில் எது என்று இந்தச் சொற்கள் நம்மைக் கேட்கின்றன.

போர் மொழியென்று பெயரெடுத்த இதில் சமாதானத்துக்கும் நுட்பமான சொற்கள் இருக்கின்றன. 'ரொஜ்' என்பது சமாதானம். அதனோடு சிறுமையைக் குறிக்கும் 'ஹொம்' என்ற ஈறு சேர்ந்து 'ரொஜ்ஹொம்' ஆனால், அது தற்காலிகப் போர்நிறுத்தம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், குட்டிச் சமாதானம். 'ரொஜ்மப்' என்பது சமாதான உடன்படிக்கை. 'கொக்' என்ற ஈற்றைச் சேர்த்து 'ரொஜ்கொக்' என்றால், பெயரளவில் மாத்திரம் சமாதானம் என்று சொல்லப்படுவது. சொல்பவர் அதை நம்பவில்லை என்பது பொருள். நாம் ஒரு சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து எழுதிக் காட்டுகிற ஐயத்தைக் கிளிங்கன் பேச்சாளர் ஓர் அசையில் காட்டிவிடுகிறார். யுத்தத்தினூடே வாழ்ந்த எந்த நாட்டு மக்களுக்கும் இந்த நான்கு சொற்களின் வேறுபாட்டை யாரும் விளக்கவேண்டியதில்லை.

அன்றாடச் சொற்களிலும் இந்த நுணுக்கம் உண்டு. 'நெஜ்' என்றால் தேடுதல். 'ஷம்' என்றால் தேடி, தேடியதைக் கண்டடைதல். 'து' என்றால் காணுதல், கவனித்தல், கண்டுபிடித்தல். தேடிப் போயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை இதற்கு இல்லை. தொலைந்த மோதிரத்தை வீடெல்லாம் தேடி எடுத்தவர் செய்தது 'ஷம்'. வழியில் நடந்து போகும்போது யாருடையதோ ஒரு மோதிரத்தைக் கண்டவர் செய்தது 'து'. இதைப்போலவே 'கிஹ்' என்றால் ஒருவரை வாழ்வில் முதன்முறையாகச் சந்தித்தல். 'கொம்' என்றால் சந்தித்தல், கூடுதல். ஒருவரை நூறு தடவை 'கொம்' செய்யலாம். 'கிஹ்' ஒரு தடவைதான்.

'சரி' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதும் அங்கே மூன்றாகப் பிரிகிறது. 'தெஹ்' என்றால் உண்மையாயிருத்தல். 'லுக்' என்றால் சரியாயிருத்தல். 'கர்' என்றால் துல்லியமாயிருத்தல். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இலக்கைத் துல்லியமாகத் தாக்கிய அம்பின் குறி 'கர்'. அது போய்த் தாக்கியது தவறான ஆளாயிருந்தால், எய்தவன் 'லுக்' அல்லன். நான் எய்யவேயில்லை என்று பின்னர் அவன் சொன்னால், அவனுடைய சொல் 'தெஹ்' அன்று.

இதுவரை பார்த்தவை தனிச்சொற்கள். கிளிங்கனின் உண்மையான செல்வம் ஈறுகளில் இருக்கிறது. நம் தமிழைப் போலவே அதுவும் ஒட்டுநிலை மொழி. சொல்லின் பின்னே ஈறு மேல் ஈறாக ஒட்டிக்கொண்டு போகலாம். பெயர்ச்சொல்லின் ஈறுகளை ஐந்து வகையாகவும் வினைச்சொல்லின் ஈறுகளை ஒன்பது வகையாகவும் ஓக்ரண்ட் வகுத்தார். இந்த வரிசையில் அடங்காமல் இடம்மாறித் திரியும் சில ஈறுகளும் உண்டு.

எதிர்மறையை எடுத்துக்கொள்வோம். 'லொப்' என்றால் கீழ்ப்படிதல். இதற்கு எதிர்மறை மூன்று விதமாக வரும். 'லொப்பெ' என்றால் கீழ்ப்படியவில்லை. ஏன் என்று தெரியாது, கட்டளை காதில் விழாமலும் இருந்திருக்கலாம். 'லொப்ஹா' என்றால் கட்டளையை மீறினான். 'லொப்கோ' என்றால் கீழ்ப்படிய மாட்டேன் என்று மறுத்தான். தண்டனை வழங்கவேண்டிய நீதிபதிக்கு இந்த மூன்றும் ஒன்றாகுமா? இவ்வாறே 'யஜ்பெ' என்றால் விளங்கவில்லை; 'யஜ்ஹா' என்றால் பிழையாக விளங்கிக்கொண்டான். விளங்காதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். பிழையாக விளங்கிக்கொண்டவன் கேட்கவே மாட்டான். இரண்டாவதுதான் ஆபத்தானது என்பதை நாம் அறிவோம்.

இந்த 'ஹா' என்ற ஈறு வெறும் மறுப்பன்று. செய்ததைக் குலைப்பதையும் பிழைபடச் செய்வதையும் அது குறிக்கும். அதை வைத்து அமைந்த ஒரு சொல் மிகவும் சுவையானது. 'பர்' என்றால் பிடிக்காமை, வெறுப்பு. விரும்புதல் என்பதற்கு அகராதி தருகிற சொல் 'பர்ஹா'. அதாவது, வெறுப்பு குலைந்த நிலையே விருப்பம்! வெறுப்பை இயல்பாகக் கொண்டு, விருப்பத்தை அதிலிருந்து நீங்கிய நிலையாக எண்ணும் ஓர் இனத்தின் மனப்பாங்கு இந்த ஒரு சொல்லில் முழுதும் வெளிப்பட்டு நிற்கிறது.

அச்சத்தைக் குறிக்கும் ஈறு இன்னொன்று. 'விப்' என்று சேர்த்தால், அந்தச் செயலைச் செய்ய அஞ்சுதல் என்று பொருள்படும். நீ அஞ்சுகிறாய், அவன் அஞ்சுகிறான் என்றெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். நான் அஞ்சுகிறேன் என்றோ நாங்கள் அஞ்சுகிறோம் என்றோ கிளிங்கன் வீரர் சொல்வதில்லை. இலக்கணம் அதைத் தடுக்கவில்லை, பண்பாடு தடுக்கிறது. இலக்கணப்படி சரியான ஒரு வடிவம் யாருடைய வாயிலிருந்தும் வராமல் கிடக்கிறது. ஒரு மொழியில் எதைச் சொல்ல முடியும் என்பது ஒன்று. எதைச் சொல்லத் துணிவார்கள் என்பது வேறொன்று.

நமக்கு மிக அணுக்கமான ஓர் இலக்கணக் கூறும் இதில் உண்டு. தமிழ் இலக்கணத்தைத் தொடங்கும்போதே உயர்திணை, அஃறிணை என்று பொருள்களைப் பிரிக்கிறோம். கிளிங்கனும் பிரிக்கிறது. ஆனால் அதன் அளவுகோல் பேசும் ஆற்றல். பேசவல்ல உயிர்களுக்குப் பன்மை ஈறு 'பு'. வினையில் வரும் 'பு' வேறு, இது வேறு. உடலுறுப்புகளுக்கு 'டு'; ஏனையவற்றுக்கு 'மெய்'. பிள்ளைகள் என்பது 'புக்பு'. அதையே 'புக்மெய்' என்று மாற்றிச் சொன்னால் பிழையாகிவிடாது, பொருள் மாறிவிடும். அங்குமிங்குமாக எங்கும் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் என்ற காட்சி வந்துவிடும். உடலுறுப்புக்கும் இப்படி 'மெய்' சேர்ப்பது விதிக்குப் புறம்பு என்றாலும், கிளிங்கன் கவிஞர்கள் ஒரு மனநிலையை எழுப்புவதற்காக விதியை மீறுவதுண்டு என்றும், மாணவர்கள் அந்த நுட்பம் கைவரும்வரை விதியோடு நிற்பதே நல்லது என்றும் ஓக்ரண்ட் குறும்பாக எழுதிவைத்திருக்கிறார். நம் புலவர்களின் திணைவழுவமைதி உங்களுக்கு நினைவுக்கு வரலாம்.

'என்னுடைய' என்பதற்கும் இரண்டு ஈறுகள். பேசவல்லவர்களுக்கு 'வி'; மற்றவற்றுக்கு 'விஜ்'. ஒரு மனிதருக்கு 'விஜ்' சேர்த்தால் இலக்கணம் பொறுத்துக்கொள்ளும். அந்த மனிதர் பொறுத்துக்கொள்ள மாட்டார். பேசும் தகுதியற்ற ஒரு பொருளாக அவரை வைத்துவிட்டோம் என்பதே அதன் பொருள். அஃறிணையிற் பேசி ஒருவரை இழிவுபடுத்துவது எப்படியென்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உறவுமுறைச் சொற்களிலும் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் தந்தையின் சகோதரனுக்கும் தாயின் சகோதரனுக்கும் ஒரே சொல்தான். கிளிங்கனில் முன்னவர் 'தென்னுஷ்', பின்னவர் 'இர்னெஹ்'. அதுமட்டுமன்று. இரண்டு சகோதரர்களின் பிள்ளைகளோ இரண்டு சகோதரிகளின் பிள்ளைகளோ ஒருவருக்கொருவர் கொள்ளும் உறவுக்கு ஒரு வகைச் சொற்கள். சகோதரனுடைய பிள்ளைக்கும் சகோதரியுடைய பிள்ளைக்கும் உள்ள உறவுக்கு வேறு வகைச் சொற்கள். ஆங்கில வாசகருக்கு இதை விளக்க வரைபடம் வேண்டும். நாமோ ஒன்றுவிட்ட சகோதரன், மச்சான் என்று சொல்லி முடித்துவிடுவோம். பெரியப்பாவின் மகனும் மாமாவின் மகனும் ஒன்றல்லர் என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

இனி, தொடக்கத்தில் பார்த்த ஈறுகளுக்குத் திரும்புவோம். 'பு', 'தா' இரண்டும் முடிந்துவிட்ட செயலுக்கு உரியவை. நடந்துகொண்டிருக்கும் செயலுக்கும் இதேபோல ஒரு சோடி உண்டு: 'தஹ்', 'லி'. 'சொல்' என்பது நெருங்கிவருதல் என்னும் பொருள்படும் கிளிங்கன் வினை. நம் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒலி ஒத்திருப்பது தற்செயல். ஓர் ஏவுகணை நெருங்கிக்கொண்டிருக்கிறது. அது எதை நோக்கி ஏவப்பட்டது என்று தெரியாதபோது 'சொல்தஹ்' என்பார்கள். இன்ன இலக்கை நோக்கியே ஏவப்பட்டிருக்கிறது என்று தெரிந்தபோது 'சொல்லி' என்பார்கள். இந்த எடுத்துக்காட்டை ஓக்ரண்டே தருகிறார். குறிக்கோளோடு தொடர்ந்து நடப்பது 'லி'. குறிக்கோளோடு தொடங்கி முடிந்தது 'தா'. எண்ணம் இருந்ததா இல்லையா என்று இந்த மொழி திரும்பத் திரும்ப விசாரிக்கிறது.

அறிவின் உறுதியையும் அது விசாரிக்கும். 'லவ்' என்று வினையில் சேர்த்தால், அப்படித் தெரிகிறது, எனக்கு நிச்சயமில்லை என்று பொருள். 'பெஜ்' என்றால் ஐயத்துக்கு இடமில்லாத உறுதி. 'பா' என்றால், கேட்பவருக்கே இது தெளிவாகத் தெரியவேண்டும் என்று சொல்பவர் எண்ணுகிறார். ஆயினும் 'பெஜ்' அளவுக்கு உறுதி அதில் இல்லை. பெயர்ச்சொல்லிலும் இப்படியே. கப்பல் 'டுஜ்'. கப்பல் போலத் தோன்றுவது 'டுஜ்ஹெய்'. கப்பலேதான் என்று தெரிந்தது 'டுஜ்னா'. நாம் பத்திரிகையில் படிக்கும் செய்திகளுக்கெல்லாம் இந்த ஈறுகளைச் சேர்த்து எழுதவேண்டுமென்று ஒரு சட்டம் வந்தால், எத்தனை வாக்கியங்கள் 'பெஜ்' என்று முடியும்? எண்ணிப் பாருங்கள்.

சரி, இந்த நுணுக்கங்களையெல்லாம் தீர்மானித்தது யார்? இயற்கை மொழியில் தலைமுறை தலைமுறையாகப் பேசிய மக்கள் தீர்மானித்திருப்பார்கள். கிளிங்கனில் பெரும்பாலும் ஒரு மனிதர் தீர்மானித்தார். சில சமயம் தற்செயலும் தீர்மானித்தது.

1984 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஒரு காட்சி. எதிரிக் கப்பல் அழிக்கப்பட்டுவிட, கிளிங்கன் தளபதி தன் வீரன்மீது சீறுகிறான். தனக்குக் கைதிகள் வேண்டுமென்பதாக அமைந்த வசனம் கிளிங்கனில் பேசிப் படமாக்கப்பட்டது. பின்னர் அந்த இடத்தில் ஆங்கில எழுத்து வசனத்தை மாற்றிவிட்டார்கள்: இயந்திரத்தை மாத்திரம் தாக்கும்படிதானே சொன்னேன் என்ற கருத்து இப்போது வரவேண்டும். நடிகரின் வாயசைவை இனி மாற்ற இயலாது. ஓக்ரண்ட் என்ன செய்தார்? சொற்களின் பொருளை மாற்றினார். பிடித்துமுடித்தல் என்னும் பொருளில் நின்ற 'ஜொன்தா' இயந்திரம் என்ற புதிய பெயர்ச்சொல்லாயிற்று. வேண்டும் என்ற 'நெஹ்' மாத்திரம் என்ற பொருளையும் பெற்றது. அந்த ஒரு திருத்தத்தின் விளைவாக இன்றைக்கும் கிளிங்கன் அகராதியில் 'நெஹ்' என்பதற்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன.

ஹம்லெற்றின் பெயர்பெற்ற தனிமொழியின் தொடக்கத்துக்கும் இப்படியொரு கதை உண்டு. 1991 இல் வெளியான ஆறாவது திரைப்படத்தில், ஷேக்ஸ்பியரை மூலமொழியான கிளிங்கனில் படித்தால்தான் சுவை என்று ஒரு கிளிங்கன் தலைவர் பெருமையடிப்பார். அந்தப் படத்துக்காக அத்தொடக்கத்தை மொழிபெயர்க்க நேர்ந்தது. கிளிங்கனில் 'இரு' என்னும் வினைச்சொல்லே கிடையாது. ஓக்ரண்ட் முதலில் 'யின்', அதாவது உயிர்வாழ்தல், என்ற சொல்லை வைத்து அமைத்தார். கிளிங்கன் தளபதியாக நடித்த கிறிஸ்தோபர் பிளமருக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. வீரனின் வாய்க்கு அது மென்மையாகப் பட்டது. உடனே ஓக்ரண்ட், தொடர்ச்சியைக் காட்டும் 'தஹ்' என்ற ஈற்றையே தனி வினையாக நிமிர்த்தி நிறுத்தினார். தொடர்தல், தாக்குப்பிடித்தல் என்பது அதன் பொருள். 'யின்' என்றால் மூச்சு இருப்பது; 'தஹ்' என்றால் விட்டுக்கொடுக்காமல் நிலைப்பது. நடிகரின் செவிக்காகப் பிறந்த சொல் மொழிபெயர்ப்பை ஆழப்படுத்திவிட்டது. ஹம்லெற்றின் கேள்வியும் உண்மையில் மூச்சைப் பற்றியது மட்டுமன்றே?

அகராதியில் இரண்டு சொற்களுக்கு ஒரே விளக்கம் இருந்தால் கற்பவர்கள் திகைப்பார்கள். அப்போது ஓக்ரண்டைக் கேட்பார்கள். அவர் தம் முடிவென்று கூறுவதில்லை. திரைப்படத்தில் சிறைப்பட்ட மோல்ற்ஸ் என்ற கிளிங்கன் பாத்திரத்திடம் கேட்டுச் சொல்வதாகப் பாவனை செய்வார். இது ஒரு விளையாட்டு என்று கடந்துவிடலாம். ஆனால் அந்த விளையாட்டின் பின்னால் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. இந்த உரையில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது அதுதான்.

ஓக்ரண்ட் 1977 இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரது ஆய்வு முட்ஸுன் என்ற மொழியின் இலக்கணம். அது கலிபோர்னியாவின் சான் ஹுவான் பவுற்றிஸ்ற்றாப் பகுதியில் வாழ்ந்த பூர்வீக மக்களின் மொழி. அந்த மொழியைச் சரளமாக அறிந்திருந்த கடைசி மனிதராகக் கருதப்படுபவர் அசென்சியோன் சொலோர்சனோ; நோய்தீர்க்கும் கைவைத்தியத்துக்குப் பெயர்பெற்ற மூதாட்டி. ஜோன் ஹரிங்டன் என்ற மொழியியலறிஞர் அவருடைய இறுதிக் காலத்தில் அருகிலிருந்து, அவர் சொல்லச் சொல்லக் கட்டுக்கட்டாகக் குறிப்பெடுத்தார். 1930 ஜனவரியில் அம்மூதாட்டி காலமானார்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஓக்ரண்ட் அந்தக் குறிப்புகளைக் கையிலெடுத்து இலக்கணம் எழுதினார். ஒத்த இரண்டு சொற்கள் எதிர்ப்படும்போது அவர் யாரிடம் போய்க் கேட்பது? இந்தச் சொல்லுக்கும் அந்தச் சொல்லுக்கும் என்ன வேறுபாடு, இதை யாரிடம் சொல்லலாம், எதைச் சொன்னால் மனம் புண்படும் என்றெல்லாம் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. காகிதத்தில் இருப்பது மட்டுமே மிச்சம். காகிதத்தில் எழுதப்படாத நிழல்கள் மூதாட்டியோடு போய்விட்டன. பேசுவோர் இல்லாமற்போன மொழிக்கு இலக்கணம் எழுதிய அதே மனிதர், பின்னாளில் பேசுவோரே இருந்திராத ஒரு மொழிக்கு இலக்கணம் ஆக்கினார். ஒரு கற்பனைக் கைதியை உருவாக்கி, சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்கலாம் என்று ஏற்பாடும் செய்துகொண்டார். இல்லாத மொழிக்கு, கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார்; இருந்த மொழிக்கு இல்லை.

முட்ஸுன் மக்களின் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை என்பது ஆறுதல். அவர்களின் வழித்தோன்றல்கள் ஹரிங்டனின் குறிப்புகளையும் ஓக்ரண்டின் இலக்கணத்தையும் துணையாகக் கொண்டு மொழியை மீண்டும் கற்கத் தொடங்கினார்கள். மொழியியலாளரோடு அவர்களுட் சிலரும் சேர்ந்து உழைத்த முட்ஸுன் அகராதி 2016 இல் வெளிவந்தது. சொற்கள் திரும்பி வருகின்றன. சொற்களுக்கிடையிலான நிழல்களை அவர்கள் பேசிப் பேசித் தாமே மீளவும் உண்டாக்க வேண்டியிருக்கும்.

அன்பார்ந்த நேயர்களே, ஒத்த பொருளுடைய சொற்களை ஒரே வரிசையில் அடுக்கித் தருவது நிகண்டின் வேலை. அந்த வரிசையைப் பிரித்து நிறுத்துவது பேசுவோரின் வேலை. வறுப்பதற்கும் வதக்குவதற்கும், வாட்டுவதற்கும் பொரிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அகராதி அரைகுறையாகத்தான் சொல்லும். அடுப்படியில் நிற்கும் அம்மம்மா சரியாகச் சொல்லுவார். நம் மொழிக்குக் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் நம் வீட்டுக்குள்ளேயே. இந்த வாரம் அருகருகே நிற்கும் இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவற்றின் வேறுபாட்டைக் கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.